தோட்டா செய்யும் மேசையில் அகிம்சை

வென்ட்வேர்த்வில்லிலிருந்து காரில் சில நிமிடம் போனால் மேஸ் ஹில் முருகன் கோயில். 1999-இல் குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயிலை ஒட்டித்தான் மேற்குச் சிட்னித் தமிழர் பலரின் விரதங்களும் திருவிழாக்களும் நடக்கின்றன. அதே மேற்குச் சிட்னியில்தான் 2000 ஒலிம்பிக்கிற்கென்று கட்டிய செசில் பார்க் சுடுதளமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் உண்டு, கந்தசஷ்டிக்கு ஆறு நாள் நோன்பிருக்கும் ஒரு சைவர், சனிக்கிழமை பிஸ்டல் கிளப்பில் இலக்கு அட்டையைச் சுடலாமா? சுடுவதோடு நில்லாமல், தான் சுடப்போகும் தோட்டாவைத் தன் வீட்டுக் கராஜிலேயே ஈயமும் மருந்தும் சேர்த்துச் செய்துகொள்ளலாமா? உரிமமும் நிபந்தனைகளும் இருந்தால் நியூ சவுத் வேல்ஸ் சட்டம் இரண்டையும் அனுமதிக்கிறது. கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் மரபு அனுமதிக்கிறதா என்பதுதான் கேள்வி. இதற்கு அவசரப் பதில்கள் இரண்டு உண்டு. துப்பாக்கி என்பது நல்லவர் தொடக்கூடாத பொருள் என்பது ஒன்று. அட்டையைச் சுட்டால் யார் சாகப்போகிறார், இதில் அறம் எங்கே வந்தது என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. இலக்குச் சுடுதலில் அகிம்சைக்கான சோதனை விசையை அழுத்தும் நொடியில் நடப்பதில்லை. அதற்குப் பல நாள் முன்னரே, யாரும் பார்க்காத நேரத்தில், தோட்டா செய்யும் மேசையில் அது நடந்து முடிந்துவிடுகிறது என்பதே என் வாதம்.

முதலில், நம்மவர் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும். கத்தியும்தான் கொல்லும், அதை அடுப்படியில் வைத்திருக்கவில்லையா என்பார்கள். காய் நறுக்கப் பிறந்தது கத்தி. மனிதரைச் சுடப் பிறந்தது கைத்துப்பாக்கி. விளையாட்டு அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த பயன். அந்தப் பிறப்பை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயுத பூசையைக் காட்டுவார்கள். படைவீரர் வாளையும் வேலையும் வைத்து வணங்கியது ஒரு காலம். இன்று தையல் இயந்திரமும் லாரியும் கணினியும் அந்த இடத்தில் இருக்கின்றன. எந்தக் கருவி சோறு போடுகிறதோ அதற்கு நன்றி சொல்லும் நாள் அது. பொழுதுபோக்குப் பிஸ்டல் யாருக்கும் சோறு போடவில்லை. ஆகவே அந்த நன்றியில் அதற்குப் பங்கு கேட்க முடியாது. முருகன் கையிலேயே வேல் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். சைவம் அந்த வேலை ஞானசக்தி என்றுதான் கொள்கிறது. கந்தபுராணத்துச் சூரபன்மன்கூட முடிவில் மாண்டுபோவதில்லை. மாமரமாய் நின்றவன் இரண்டாகப் பிளந்து சேவலும் மயிலுமாகி, கொடியிலும் வாகனத்திலும் இடம் பெறுகிறான். பகைவனையும் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் கதை அது. அதிலிருந்து பித்தளைக் கூட்டுக்கும் வெடிமருந்துக்கும் அனுமதிச் சீட்டு எழுதிக்கொள்வது அந்தக் கதையையே சிறுமைப்படுத்துவதாகும்.

இவற்றைவிடக் கனமான சமாதானம் ஒன்று உண்டு. சுடுதல் ஒரு தியானம் என்பது அது. மூச்சை அடக்கி, மனத்தை ஒருமைப்படுத்தி, பலனை மறந்து செய்கிற செயல் என்கிறார்கள். இதற்கு இந்தியத் துப்பாக்கிச் சுடு வீராங்கனை மனு பாக்கர் நல்ல சான்று. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய துப்பாக்கி பழுதானது. நேரம் கையைவிட்டுப் போயிற்று. இறுதிச் சுற்றும் போயிற்று. 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வென்றபோது, தாம் கீதை படித்ததையும், கடைசி நொடிகளில் செய்ய வேண்டியதை மட்டும் எண்ணிப் பலனை விட்டுவிட்டதையும் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் மன ஒருமை தன்னளவில் அறம் ஆகாது. கீதை சொல்லப்பட்ட இடமே போர்க்களம். பலனில் பற்றில்லாமல் வில்லை வளைக்கலாம், பலனில் பற்றில்லாமல் கொல்லவும் செய்யலாம். கூலிக்குச் சுடுகிறவனுக்கும் கை நடுங்காத ஒருமை வேண்டும். ஆகவே, 'நான் சுடும்போது என் மனம் அமைதியாக இருக்கிறது' என்பது சுடுபவரின் மனநலத்தைப் பற்றிய செய்தி. பக்கத்தில் நிற்பவருக்கு அவரால் வரக்கூடிய தீங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அகிம்சை முதலில் கவலைப்படுவது அந்தப் பக்கத்து மனிதரைப் பற்றி.

இந்த இடத்தில் சமணர் நமக்கு உதவுகிறார்கள். இந்திய மரபுகளில் கொல்லாமையை மிகக் கறாராக ஆராய்ந்தவர்கள் அவர்கள். தமிழ் அறநூல்களில் அவர்கள் கை எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது உயிருக்கு ஊறு நேர்வதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கவனம் தவறிய செயலால் நேரும் ஊறு என்று சொல்கிறது. இந்த வரையறையின் நுட்பம் பெரிது. எண்ணம் நல்லதாக இருந்தால் போதும் என்பவரையும் அது விடவில்லை. ஊறு நேர்ந்தால்தான் குற்றம் என்பவரையும் விடவில்லை. நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவாக இருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாத நாளிலும் கவனக்குறைவு இருந்திருக்கலாம். அந்த நாளில் தப்பியது தற்செயல்தான். திருக்குறள் பொருட்பாலில் பொச்சாவாமைக்கு, அதாவது மறதியின்மைக்கு, தனி அதிகாரமே இருக்கிறது. அரசனுக்குச் சொல்லப்பட்டதானாலும், கையில் ஆற்றல் வந்த எவருக்கும் அது பொருந்தும்: பிறரை அழிக்கவல்லது உன் கையில் இருக்கும்போது மறதி என்பது சின்னக் குறையாக இருக்க முடியாது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மேசைக்கு வரலாம்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டு முடிந்தபின் கூடு மிஞ்சும். அதைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதுதான் ரீலோடிங், அதாவது மீண்டும் நிரப்புதல், என்பதன் அடிப்படை. கீறலும் வெடிப்பும் பார்த்துக் கூட்டைப் பொறுக்க வேண்டும். பழைய பிரைமரைத் தள்ளி, விரிந்த கூட்டைப் பிரஸ்ஸில் கொடுத்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புதுப் பிரைமர் அழுத்தி, மருந்து அளந்து ஊற்றி, குண்டைப் பொருத்தி, வாயை இறுக்க வேண்டும். 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் 60 தோட்டா சுடுவார்கள்: 30 நிதானச் சுற்றில், 30 விரைவுச் சுற்றில். அதற்குப் பலர் விரும்பும் .38 ஸ்பெஷல் கூட்டை எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கருமருந்து கொள்ளும் அளவுக்கு வயிறு வைத்துச் செய்த கூடு அது. இன்றைய புகையில்லா மருந்து மிக வலுவானது; இலக்குத் தோட்டாவுக்கு ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே போதும். அந்த மருந்து கூட்டின் அடியில் ஏதோ தூசு படிந்ததுபோல் கிடக்கும். கை தவறி அதே கூட்டில் இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது. குண்டும் வழக்கம்போல் உட்காரும். வெளியிலிருந்து பார்த்தால் சரியான தோட்டாவுக்கும் இதற்கும் வேறுபாடே தெரியாது. ஒரு தலை திருப்பல், ஒரு தொலைபேசி அழைப்பு, எந்தக் கூட்டில் விட்டோம் என்ற ஒரு நொடிக் குழப்பம் போதும். அதனால்தான் தெரிந்தவர்கள் மருந்திட்ட கூடுகளை ஐம்பது குழி கொண்ட பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு வைக்குமுன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் குனிந்து பார்க்கிறார்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். வேலை நடக்கும்போது பேச்சில்லை, பாட்டில்லை. செய்து முடித்த பெட்டியின்மேல் நாள், மருந்தின் பெயர், அளவு, குண்டின் எடை எல்லாம் எழுதுகிறார்கள்.

மறதி எதிர்ப்பக்கமும் போகலாம். மருந்தே விழாத கூடு ஒன்று வரிசையில் சேர்ந்துவிட்டால், பிரைமரின் உந்தலில் மட்டும் குண்டு கிளம்பிக் குழலின் நடுவில் சிக்கி நிற்கும். ஓசை மெலிதாக இருக்கும். அதைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். வெடித்தால் சிதறும் இரும்பு, தோட்டா செய்தவரின் கையோடு நிற்காது. அடுத்த தடத்தில் ஒன்றும் அறியாமல் நிற்பவரின் முகத்துக்கும் போகும். இதைவிடவும் சத்தமில்லாத தீங்கு ஒன்று இருக்கிறது. ஈயம். பிரைமரின் கலவையில் ஈயம் உண்டு, குண்டில் ஈயம் உண்டு. பழைய கூடுகளைத் துலக்கும்போது எழும் தூசியிலும் அது இருக்கிறது. கை கழுவாமல் சோற்றில் வைப்பவர், சுடுதளத்து உடையோடு வந்து குழந்தையைத் தூக்குபவர், கராஜ் தரையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்புபவர், இவர்களெல்லாம் ஒரு குண்டும் சுடாமலே வீட்டாருக்கு ஊறு செய்கிறார்கள். வளரும் குழந்தையின் மூளைக்கு ஈயம் என்ன செய்யும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. யாரையும் சுடாதவர் கையால் ஒரு குழந்தைக்கு நஞ்சு சேர முடியும் என்றால், 'அட்டையைத்தானே சுடுகிறேன்' என்ற பதில் எவ்வளவு குறுகியது என்று தெரிந்துவிடும்.

இவையெல்லாம் பாதுகாப்பு விதிகள்தாமே, இதற்கு உமாசுவாதி எதற்கு, ஒரு கையேடு போதாதா என்று கேட்கலாம். கையேடு அவசியம். ஆனால் கையேடு என்ன செய்ய வேண்டும் என்றுதான் சொல்லும். களைத்துப்போன இரவு பதினொரு மணிக்கு, நாற்பத்தொன்பது கூட்டை எட்டிப் பார்த்தவர் ஐம்பதாவதையும் ஏன் பார்க்க வேண்டும் என்பதற்குத் தன் உயிர்மேல் ஆசை என்ற ஒரு காரணத்தைத்தான் அதனால் தர முடியும். தன் உயிர்மேல் ஆசை சில வேளை துணிச்சலிடம் தோற்றுப்போகும். என் கைதானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் நிற்பவருக்குக் கடன்பட்டவன் நான் என்று எண்ணுகிறவருக்கு அந்த வாய்ப்பில்லை. பிறர் முகத்தைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை கிடையாது. கடைத்தோட்டா வாங்குபவருக்கும் வீட்டில் செய்பவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் வருகிறது. ஆலையில் பொறுப்பு பலர்மேல் பகிர்ந்து கிடக்கிறது: இயந்திரம், ஆய்வாளர், நிறுவனம். கராஜில் எல்லாப் பொறுப்பும் ஒருவர்மேல். பகிர்ந்துகொள்ள ஆளில்லாத பொறுப்பை விரும்பி ஏற்பது அறவாழ்வுக்கு நல்ல பயிற்சி என்றே நினைக்கிறேன். ஆனால் ஏற்றபின் அதில் பாதியைக் குறைத்துக்கொள்ள முடியாது. செலவு மிச்சம் என்று மட்டும் இதில் இறங்குகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. மிச்சப்படுத்தும் மனம் நேரத்தையும் மிச்சப்படுத்தப் பார்க்கும். குனிந்து பார்ப்பதுதான் அதற்கு முதலில் வீணாகத் தெரியும்.

இனி வருவது கடினமான மறுப்பு. கவனம் கவனம் என்கிறீர்கள். கொலைகாரனும் கவனமாகத் தோட்டா செய்யலாமே? உண்மை. 1996 ஏப்ரல் 28 அன்று போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபின் ஆஸ்திரேலியா 6 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியது. 2002 அக்டோபர் 21 அன்று மெல்பன் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இருவரைக் கொன்று ஐவரைக் காயப்படுத்திய மாணவரோ சட்டப்படி உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கிகள் வைத்திருந்தவர். அதன் விளைவாகத்தான் .38 அளவுக்கு மேற்பட்டவை, 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின்கள், குழல் மிகக் குட்டையானவை என்று பல வகைகள் விளையாட்டுச் சுடுவோர் கையிலிருந்து எடுக்கப்பட்டன. 2025 டிசம்பர் 14 அன்று பொண்டாய் கடற்கரையில் ஹனுக்கா கொண்டாடிய கூட்டத்தில் 15 உயிர்கள் போனதும் உரிமம் உள்ள துப்பாக்கிகளால்தான். இந்தச் சாவுகளின்முன் சுடுபவர்களின் வழக்கமான முறையீடு எனக்குச் சிறிதாகத் தெரிகிறது: நான் நேர்மையானவன், என்னை ஏன் சந்தேகிக்கிறார்கள் என்பது. என் நெஞ்சு எனக்குத் தெரியும். தெருவில் போகிறவருக்குத் தெரியாது. அவர் அதைத் தெரிந்துகொள்ள வேறு வழியும் இல்லை. உரிமத்துக்கான காத்திருப்பு, ஆண்டுதோறும் குறைந்தபட்சப் போட்டிகளில் கலந்துகொள்ளும் கட்டாயம், துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா தனிப் பூட்டிலும் இருக்க வேண்டும் என்ற விதி, வந்து பார்க்கப் போலீஸுக்கு உள்ள அதிகாரம், இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத எண்ணத்தின் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒழுக்கத்தை வைக்கின்றன. நியூ சவுத் வேல்ஸின் 1996-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டம், துப்பாக்கி வைத்திருப்பது பொதுமக்கள் பாதுகாப்புக்கு உட்பட்ட ஒரு சலுகை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தற்காப்பை ஏற்கத்தக்க காரணமாக அது கொள்வதில்லை. அதை அரசின் அடக்குமுறை என்று பார்ப்பவர்கள் உண்டு. அறத்தின் பக்கமிருந்து பார்த்தால், அயலார் அஞ்சாமல் தூங்குவதற்காக நான் என் கதவைத் திறந்து காட்டுவது அகிம்சையின் ஒரு பகுதி. மறைவில் கவனமாக இருப்பதும், கேட்டால் கணக்குக் காட்டுவதும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும். கொலைகாரனிடம் முதலாவது இருக்கலாம். இரண்டாவதற்குத் தொடர்ந்து உடன்பட அவனால் முடியாது. சில காலம் நடிக்கலாம் என்பதையும் மொனாஷ் காட்டிவிட்டது. அதனால்தான் சட்டத்தைத் தளர்த்தக் கேட்பதற்குப் பதில் இறுக்கும்போது உடன்படுவதே சுடுபவர்களின் கடமை என்கிறேன்.

வென்ட்வேர்த்வில்லில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பாரமும் உண்டு. டன்மோர் தெருக் கடைகளில் நிற்கும் முதியவர்களில் பலர் 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் இலங்கையிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள். 2009 மே மாதம் அங்கே போர் முடியும் வரை போன் மணி அடித்தாலே நெஞ்சு பதறியவர்கள். அவர்கள் பிள்ளையோ பேரனோ பிஸ்டலைக் கையில் எடுக்கிறான் என்றால் அவர்களுக்கு என்ன ஆகும்? விளையாட்டுத்தானே அம்மம்மா என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. ஆனால் அவர்களைக் காயப்படுத்திய துப்பாக்கி எத்தகையது என்றும் பார்க்க வேண்டும். சீருடை போட்டவன் கையிலிருந்தாலும் போடாதவன் கையிலிருந்தாலும், அந்தத் துப்பாக்கி யாருக்கும் பதில் சொல்லவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அது போட்ட தோட்டாவுக்குக் கணக்கில்லை. ஏன் சுட்டாய் என்று கேட்டவர் வீடு திரும்பவில்லை. எண் போட்டு, பதிந்து, பூட்டி, ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் ஒரு கிளப் பிஸ்டல் அந்தத் துப்பாக்கிக்கு நேர் எதிரான ஏற்பாடு. இந்த வேறுபாட்டை நம் சமூகம் உணர்ந்து பேச வேண்டும் என்று விரும்புகிறேன். அதே மூச்சில், சுடுகிறவர்மேல் இதனால் கூடுதல் கடன் விழுகிறது. துப்பாக்கியோடு நின்று படம் எடுத்துப் பரப்பக் கூடாது; விருந்தில் வீரம்போல் பேசக் கூடாது; அந்த ஓசையைக் கேட்டு ஓடியவர் முன்னால் அதை ஒரு பொம்மையாக்கக் கூடாது. சட்டம் இதையெல்லாம் கேட்பதில்லை. பழகிய மனிதர் கேட்கிறார்.

சமணரை உதவிக்கு அழைத்தவன் அவர்கள் சொல்வதை முழுதும் கேட்க வேண்டும் என்பது நியாயமான மறுப்பு. இல்லறத்தார் விட வேண்டிய பயனற்ற தீச்செயல்களில், கொல்லும் கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதையும் அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். தமிழில் இல்லறத்தார் ஒழுக்கம் சொல்லும் அருங்கலச்செப்பு வந்த மரபும் அதுவே. பௌத்தமும் இல்லறத்தார் செய்யக்கூடாத ஐந்து வாணிகங்களில் ஆயுத வாணிகத்தைச் சேர்க்கிறது. ஒரு சமண முனிவர் முன் இந்த வாதத்தை வைத்தால் அவர் ஏற்கமாட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விலக்குகளின் கூர்மை எங்கே பாய்கிறது என்று பார்த்தால், கருவி கைமாறிப் போவதில்தான். யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும் என்று தெரியாமல் ஒன்றை உலகில் விட்டுவிடுவது. தான் செய்த தோட்டாவை விற்காமல், இரவல் கொடுக்காமல், தானே எண்ணிச் சுட்டுத் தீர்ப்பவர் அந்த விலக்கின் நெஞ்சுக்குப் பக்கத்தில் வருகிறார். உள்ளே வந்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். கிளப் நண்பர் கேட்டாலும் தன் கைத்தோட்டாவைக் கொடுக்க மறுப்பவர் உண்டு. நட்புக்கு அது குறைவாகத் தோன்றலாம். எனக்கு அது அவர்கள் செய்வதிலேயே மிக நல்ல காரியமாகப் படுகிறது.

எனக்கு முழு விடை கிட்டாத மறுப்பு ஒன்றே ஒன்று. மனப்பயிற்சிதான் வேண்டும் என்றால் ஏர் பிஸ்டல் போதுமே? 10 மீட்டர் தொலைவில் 11.5 மில்லிமீட்டர் அகலமே உள்ள நடுவட்டத்தை 4.5 மில்லிமீட்டர் ஈயக்குருணையால் அடிக்க வேண்டும். இதைவிடக் கடுமையான ஒருமைப்பாட்டை எந்தப் பெரிய பிஸ்டலும் கேட்பதில்லை. மருந்தில்லை, பிரைமர் இல்லை, கராஜில் மேசையும் வேண்டாம். ஒலிம்பிக்கின் மற்றப் பிஸ்டல் போட்டிகளும் .22 தோட்டாவில் நடப்பவை. பற்றவைக்கும் கலவை அதன் விளிம்பிலேயே இருப்பதால் அதை மீண்டும் நிரப்பவும் வழியில்லை. அதாவது, இந்த விளையாட்டின் உச்சத்துக்கே ரீலோடிங் இல்லாமல் போய்ச் சேரலாம். அப்படியிருக்க சென்டர் ஃபயருக்கும் மேசைக்கும் ஏன் போக வேண்டும்? அதிர்வை அடக்கும் கலை, தன் துப்பாக்கிக்கென்றே அளந்த தோட்டா, கைவேலையில் வரும் நிறைவு என்று காரணங்கள் சொல்லலாம், அவை பொய்யல்ல. ஆனால் ஓசையும் வலுவும் தருகிற கிளர்ச்சிக்காகத்தான் என்று ஒருவர் தனக்குத்தானே கண்டுகொண்டால், அவர் ஏர் பிஸ்டலோடு நின்றுவிடுவதே நல்லது. ஏர் பிஸ்டலும் இங்கே மற்றக் கைத்துப்பாக்கிகளுக்கான அதே எச் வகை உரிமத்தில்தான் வருகிறது. பூட்டும் கணக்கும் அதற்கும் உண்டு. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கும் இதையே சொல்வேன். 12 வயதிலிருந்து சிறுவர்க்கான அனுமதி பெற்றுக் கிளப்பில் மேற்பார்வையோடு பழகலாம் என்கிறது சட்டம். ஏர் பிஸ்டலில் தொடங்கட்டும், பல ஆண்டுகள் அதிலேயே இருக்கட்டும். தோட்டா மேசைக்கு அவர்கள் வர அவசரமே இல்லை. ஈயத்தூசி ஒன்றே அதற்குப் போதுமான காரணம். வளர்ந்து, தாமாகக் கேட்டு, ஏன் கேட்கிறார்கள் என்றும் சொல்ல முடிந்தால், அப்போது டார்ச்சைக் கையில் கொடுத்து ஐம்பது கூட்டையும் எட்டிப் பார்க்கச் சொல்லலாம். மருந்து டப்பாவைத் திறப்பது அதற்குப் பிறகு.